டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: பெண் பிள்ளைகளுக்காகச் சட்டம் கேட்டவர்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு பெரியவங்க வரலாறு எழுதித் தரணும்னு கூட்டத்துல பேசினப்போ ஜான்சி ராணி, அன்னை தெரசா, வேலு நாச்சியார் எல்லாம் உடனே பங்கு போயிடுச்சு. நான் முத்துலட்சுமி ரெட்டின்னு சொன்னதும் நாலு பேர் சிரிச்சாங்க. பிரசவப் பணத் திட்டத்தைப் பத்தி எழுதப் போறியான்னு கேட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. பிக்மி நம்பர் வாங்கின நாளிலிருந்து, முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சான்னு நர்ஸம்மாவைக் கேட்டுக் கேட்டு, நம்ம பக்கத்துல அது ஒரு பணத்தோட பேராவே ஆகிப்போச்சு. மொத்தம் 18,000 ரூபாய், அதுல ஒரு பங்கு ஊட்டச்சத்துப் பெட்டகமா வரும்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேருல ஒரு மனுஷி வாழ்ந்தாங்கன்னுதான் பலருக்குத் தெரியாது.

ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க. அந்தப் பணம் 19 வயசு முடிஞ்ச தாய்க்குத்தான் கிடைக்கும். அந்த வயசுக் கணக்குக்கும் இந்த அம்மாவோட வாழ்க்கைக்கும் சம்பந்தம் இருக்கு. போகப் போகச் சொல்றேன்.

முத்துலட்சுமி அம்மா 1886-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தாங்க. அப்போ புதுக்கோட்டை தொண்டைமான் ராஜா ஆண்ட தனிச் சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியில் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பத்துப் பெண். இவங்களைக் கட்டிக்கிட்டதால அப்பாவை அவர் சொந்தக்காரங்க ஒதுக்கி வச்சாங்க. அம்மாவோட பிறப்பைச் சொல்லி ஊர் இந்தப் பிள்ளைகளையும் குறைவா பார்த்துச்சு.

இதைப் புரிஞ்சுக்கணும்னா அந்தக் காலத்துப் பொட்டுக் கட்டுற வழக்கத்தைப் பத்திச் சொல்லணும். சில குடும்பங்கள்ல பெண் குழந்தை சின்னதா இருக்கும்போதே கோயில்ல வச்சு சாமி பேரால பொட்டுக் கட்டிடுவாங்க. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஊர் உலகத்துல கல்யாணம் கிடையாது. கோயில்ல பாடணும், ஆடணும். அதுக்காக மானிய நிலம் உண்டு. பாட்டும் பரதமும் அவங்ககிட்டதான் வளர்ந்துச்சு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா காலம் போகப் போக, பணக்காரங்க, ஜமீன்தாருங்க கைக்குள்ள போற வாழ்க்கையா அது மாறிடுச்சு. ஏழு எட்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன புரியும்? பெரியவங்க கூடிப் பேசி, பிள்ளையோட முழு வாழ்க்கையையும் ஒரே நாள்ல முடிவு பண்ணிடுவாங்க. சந்திரம்மாள் குடும்பம் அந்த வழக்கத்தைக் கிட்ட இருந்து பார்த்த குடும்பம். முத்துலட்சுமி அம்மா பின்னால போட்ட சண்டை எல்லாத்துக்கும் ஆரம்பம் அங்கேதான்னு நான் நினைக்கிறேன்.

அப்பா படிப்பு விஷயத்துல உறுதியா இருந்தார். வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத காலம். அதனால வீட்டிலேயே வச்சுப் பாடம் சொல்லிக் கொடுத்தாங்க. மெட்ரிகுலேஷன் பரீட்சை பாஸ் பண்ணினாங்க. அடுத்தது காலேஜ். அப்பா வேலை பார்த்த காலேஜ்ல பசங்க மட்டும்தான். 1904-ல் தொண்டைமான் ராஜாவே அனுமதி கொடுத்து முத்துலட்சுமியைச் சேர்த்துக்கச் சொன்னார். ஒரு பொண்ணு வந்தா பசங்க மனசு கெட்டுடும்னு சிலர் எதிர்ப்பு காட்டினாங்க. அந்தம்மா பிறப்பைச் சொல்லியும் பேசினாங்க. மூடு வண்டியில போய், வகுப்புல திரைக்குப் பின்னால உட்கார்ந்து படிச்சாங்கன்னு சொல்லுவாங்க. நம்ம பிள்ளைங்க அரசு பஸ்ல பாஸ் வச்சுக்கிட்டு திருவள்ளூர் காலேஜுக்கும் பொன்னேரி காலேஜுக்கும் போறதைப் பார்க்கும்போது எனக்கு அந்த மூடு வண்டி ஞாபகம் வரும்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் வாங்கினாங்க, பரிசும் பதக்கமும் சேர்த்து. டாக்டருக்குப் படிச்ச பொண்ணுங்களை விரல் விட்டு எண்ணிடலாம் அப்போ.

கல்யாணமே வேண்டாம்னு இருந்தவங்க 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கட்டிக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி நிபந்தனை போட்டாங்க. தன்னைச் சரிசமமா நடத்தணும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிக்கக் கூடாது. அவரும் ஒத்துக்கிட்டார், சொன்னபடியே நடந்துக்கிட்டார். ரெண்டு பசங்க. வைத்தியமும் குடும்பமும் ஓடுச்சு. நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவங்க அத்தை முறை. இதைச் சொன்னா நம்ம வீட்டுப் பெரியவங்க உடனே நிமிர்ந்து உட்காருவாங்க, அதுக்காகச் சொன்னேன்.

டாக்டரா அவங்க பார்த்தது என்ன? பன்னிரண்டு பதிமூணு வயசுல கட்டிக் கொடுத்து, இடுப்பெலும்பு வளர்றதுக்கு முன்னாடியே பிரசவத்துக்கு வர்ற பிள்ளைங்க. தாயும் போய் சிசுவும் போன வீடுங்க. 1925-ல் அரசாங்க உதவித்தொகையில குடும்பத்தோட இங்கிலாந்து போய், பெண்கள் குழந்தைகள் நோய்க்கான மேல்படிப்பு படிச்சாங்க. 1926-ல் பாரிஸ்ல நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கும் போனாங்க. திரும்பி வந்தப்போ இங்கே வேற ஒரு வேலை காத்திருந்துச்சு.

அடையாறுல 1917-ல் தொடங்கின இந்திய மாதர் சங்கம்னு ஒண்ணு இருந்துச்சு. பெண்களுக்கு ஓட்டு வேணும், சட்டசபையில இடம் வேணும்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்கதான் முத்துலட்சுமி அம்மா பேரைச் சட்ட மேலவைக்குச் சொன்னாங்க. இந்தம்மாவுக்கு முதல்ல இஷ்டம் இல்லை. நோயாளிகளை விட்டுட்டுப் போகணுமேன்னு தயங்கினாங்க. சங்கத்துத் தோழிகள் விடலை. 1927-ல் சென்னை சட்ட மேலவைக்குள்ள போனாங்க. வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவுல சட்டமன்றத்துக்குள்ள உறுப்பினரா போன முதல் பெண் இவங்கதான். போன உடனே அத்தனை ஆம்பளைங்களும் சேர்ந்து ஒருமனதா துணைத் தலைவரா தேர்ந்தெடுத்தாங்க. நம்ம ஊராட்சிக் கூட்டத்துல பாதி இடம் நமக்குன்னு சட்டம் இருக்கும்போதே வாய் திறந்து பேசத் தயங்குறோம். அந்தம்மா ஒரே ஆளா உட்கார்ந்து பேசினாங்க.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டாக்டர் வந்து உடம்பைப் பார்க்கணும், ஏழைப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைக்கணும், குழந்தைகளுக்குத் தனியா ஆஸ்பத்திரி வேணும்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. ஆனா அவங்க பேரு நிக்கிறது ரெண்டு விஷயத்துலதான். ஒண்ணு கல்யாண வயசு, இன்னொண்ணு பொட்டுக் கட்டு.

1928-ல் பெண்ணுக்குக் குறைந்தது 16, ஆணுக்குக் குறைந்தது 21 வயசு ஆகணும்னு டில்லி அரசாங்கம் சட்டம் போடணும்னு மேலவையில தீர்மானம் கொண்டு வந்தாங்க. கடைசியில 1929-ல் டில்லியில வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18-ன்னு நின்னுது. 1930 ஏப்ரல் 1-ல் இருந்து அமல். அப்புறம் நடந்ததைக் கேட்டா சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை. சட்டம் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு நாடு முழுக்க அவசர அவசரமா குழந்தைக் கல்யாணங்களை நடத்தித் தள்ளினாங்க. அடுத்த வருஷம் எடுத்த மக்கள்தொகைக் கணக்குல கல்யாணம் ஆன குழந்தைகள் எண்ணிக்கை ஒரேயடியா ஏறி நின்னுது. சட்டத்தை ஏமாத்துற புத்தி நமக்கு இன்னிக்கு வந்ததில்லை.

அந்த 14 வயசு பிறகு 15 ஆகி, 1978-ல் 18 ஆச்சு. ஆணுக்கு 21. 2006-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்துச்சு. நடத்தி வைக்கிறவங்களுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். பெண்ணுக்கும் 21-ன்னு ஆக்க 2021-ல் ஒரு மசோதா வந்து, நிறைவேறாமலே காலாவதி ஆயிடுச்சு. 1928-ல் இந்தம்மா கேட்ட 16-ஐத் தாண்ட நாட்டுக்கு அம்பது வருஷம் ஆயிருக்கு. பிரசவப் பணத்துக்கு 19 வயசு கேட்கிறதும் இந்தக் கணக்குதான். 18-க்கு முன்னாடி கல்யாணம் கூடாது, அப்போ 19-க்கு முன்னாடி குழந்தை எப்படி?

இப்போ பொட்டுக் கட்டு விஷயத்துக்கு வர்றேன். 1927 நவம்பர்ல, சின்னப் பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுறதை நிறுத்தணும்னு மேலவையில தீர்மானம் போட்டாங்க. எதிர்ப்புன்னா சாதாரண எதிர்ப்பு இல்லை. சத்தியமூர்த்தி மாதிரி பெரிய காங்கிரஸ் தலைவரே எதிர்த்தார். மதத்துல கை வைக்கிறாங்க, கலை அழிஞ்சு போயிடும்னு ஒரு பக்கம் பேச்சு. ஆதரவாகவும் பெரிய ஆட்கள் நின்னாங்க. காந்தி ஆதரிச்சார், பெரியார் ஆதரிச்சார். அதே குலத்துல பிறந்து, தானே அந்தக் கொடுமையைப் பட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊரா போய்ப் பேசினாங்க. அவங்க பேரையும் நமக்கு ஒரு திட்டத்தோட பேராத்தான் தெரியும்.

இதுல ஒண்ணை மறைக்கக் கூடாது. தேவதாசிப் பெண்கள்லயே ஒரு கூட்டம் இந்தச் சட்டம் வேண்டாம்னு அரசாங்கத்துக்கு மனு கொடுத்தாங்க. நாங்க எல்லாரும் கெட்டவங்க இல்லை, எங்களுக்குச் சொத்து உரிமை இருக்கு, படிப்பு இருக்கு, கலை இருக்கு, எங்களைத் திருத்தணும்னா கல்வி கொடுங்க, சட்டம் போட்டு அசிங்கப்படுத்தாதீங்கன்னு கேட்டாங்க. அவங்க பக்கத்துலயும் நியாயம் இருந்துச்சு. சட்டம் வந்த பிறகு அந்தப் பாட்டும் ஆட்டமும் வேற வீட்டுப் பிள்ளைங்க கைக்குப் போச்சு, பேரும் புகழும் அங்கே போச்சு, பரம்பரையா ஆடின பலர் ஒண்ணும் இல்லாம நின்னாங்க. முத்துலட்சுமி அம்மா அந்தப் பெண்களைப் பத்திப் பேசின சில பேச்சு இன்னிக்குக் கேட்டா கடுமையாத்தான் இருக்கு. ஆனாலும் நான் அம்மா பக்கம்தான். வளர்ந்த பொம்பளை தன் வாழ்க்கைக்குத் தானே பதில் சொல்லிக்கலாம். ஏழு வயசுப் பிள்ளைக்கு யார் பதில் சொல்றது?

1929-ல் முதல் படி ஏறினாங்க. கோயில்ல ஆடினாத்தான் மானிய நிலம்னு இருந்ததை மாத்தி, கோயில் வேலை செய்யாமலே அந்த நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம்னு சட்டத் திருத்தம் வந்துச்சு. இது புத்திசாலித்தனமான வேலைன்னு நான் சொல்லுவேன். நிலம் போயிடுமேன்னு பயந்துதானே அடுத்த பெண் பிள்ளையையும் பொட்டுக் கட்டி விடுறாங்க? அந்தப் பயத்தை முதல்ல எடுத்துட்டாங்க. நம்ம குழுவுல கூட, கந்துவட்டிக்காரனைத் திட்டித் திட்டி ஒண்ணும் நடக்கலை. நம்மகிட்டயே உள்கடன் கிடைக்க ஆரம்பிச்ச பிறகுதான் அவன் தெருவுக்கு வர்றது குறைஞ்சுது.

பொட்டுக் கட்டுறதையே குற்றம்னு ஆக்குற மசோதா 1930-ல் வந்துச்சு. அதே வருஷம், விபசார விடுதிகள்ல அடைபட்ட சிறுமிகளை மீட்கிறதுக்கான சட்டமும் இவங்க முயற்சியால நிறைவேறுச்சு. ஆனா மசோதா முடியறதுக்குள்ள உப்புச் சத்தியாக்கிரகத்துல காந்தியைக் கைது பண்ணிட்டாங்க. அம்மா துணைத் தலைவர் பதவியையும் மேலவை இடத்தையும் ராஜினாமா பண்ணிட்டு வெளியே வந்துட்டாங்க. ஆட்சிகள் மாறிச்சு, மசோதா கிடப்புல கிடந்துச்சு. சுதந்திரம் வந்த அந்த 1947-ஆம் வருஷத்துலதான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறுச்சு. முதல் தீர்மானத்துலயிருந்து 20 வருஷம். அந்த 20 வருஷத்துல எத்தனை பிள்ளைங்களுக்குப் பொட்டு ஏறியிருக்கும்!

சட்டத்துக்காக அவங்க காத்துக்கிட்டு உட்காரலை. மேலவையில இந்தப் பேச்சு நடந்துக்கிட்டிருந்த காலத்துலயே, பொட்டுக் கட்டுக்குப் பயந்து ஓடி வந்த மூணு சிறுமிகள் அம்மா வீட்டு வாசலுக்கு வந்து நின்னாங்க. படிக்க ஆசைப்பட்டுச்சுங்க. ஏதாவது ஒரு ஹாஸ்டல்ல சேர்த்துவிடலாம்னு அம்மா அலைஞ்சாங்க. பிராமணப் பிள்ளைகளுக்குன்னு நடந்த ஹாஸ்டல் சேர்க்கலை. மத்த சாதிப் பிள்ளைகளுக்குன்னு நடந்த ஹாஸ்டலும் சேர்க்கலை. அந்தக் குலத்துப் பிள்ளைங்கன்னா ரெண்டு பக்கமும் கதவு சாத்திடுச்சு. சரின்னு தன் வீட்டிலேயே வச்சுக்கிட்டாங்க. இன்னும் சிலர் வந்தாங்க. அப்படி ஆரம்பிச்சதுதான் அவ்வை இல்லம். பிறகு அது 1936-ல் அடையாறுக்குப் போச்சு. பொட்டுக் கட்டுக்குத் தப்பி வந்த பிள்ளைங்க மட்டும் இல்லை. அநாதைப் பிள்ளை, கைவிடப்பட்ட பெண், வேற போக்கிடம் இல்லாதவங்க யார் வந்தாலும் சாதி கேட்காம சேர்த்துக்கிட்டாங்க. சாப்பாடு போட்டு, படிக்க வச்சு, டீச்சராவோ நர்ஸாவோ ஆக்கி அனுப்பினாங்க. பள்ளிக்கூடம் வந்துச்சு, ஆசிரியர் பயிற்சியும் வந்துச்சு.

இந்த இடத்துல குழந்தைகள் சட்டத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நம்மள்ல குழந்தைப் பாதுகாப்புக் குழுவுல இருக்கிறவங்களுக்கு உதவும்.

1920-ல் சென்னை மாகாணத்துல குழந்தைகள் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. இந்தியாவுலயே முதல்ல வந்தது நம்ம சட்டம்தான். வங்காளத்துல 1922, பம்பாயில 1924. அதுக்கு முன்னாடி, பசிக்குத் திருடின பத்து வயசுப் பையனையும் பெரிய குற்றவாளிங்களோட ஒரே ஜெயில்ல போடலாம். பிள்ளைங்களுக்குத் தனிக் கோர்ட்டு, ஜெயிலுக்குப் பதிலா சான்றளிக்கப்பட்ட பள்ளின்னு இந்தச் சட்டம் சொல்லுச்சு. செங்கல்பட்டுல 1887-லயே தொடங்கின சீர்திருத்தப் பள்ளி அந்த வகைதான். தப்பு பண்ணின பிள்ளை மட்டும் இல்லாம, ஆதரவு இல்லாத பிள்ளையையும் அரசாங்கம் பார்த்துக்கணும்னு அதுல இருந்துச்சு. எழுத்துல எல்லாம் இருந்துச்சு. ஆனா அந்த மூணு பொண்ணுங்க வந்து நின்னப்போ சேர்த்துக்க ஒரு வீடு இல்லை.

அப்புறம் 1986-ல் நாடு முழுக்க ஒரே இளைஞர் நீதிச் சட்டம் வந்துச்சு. அதுல ஆண் பிள்ளைன்னா 16 வயசு வரை, பெண் பிள்ளைன்னா 18 வரை. 2000-ல் வந்த சட்டம் ரெண்டு பேருக்கும் 18-ன்னு ஆக்குச்சு. இப்போ நடப்புல இருக்கிறது 2015 சட்டம். டில்லியில 2012 டிசம்பர்ல பஸ்ஸுக்குள்ள ஒரு பொண்ணுக்கு நடந்த கொடுமையில 18 நிரம்பாத ஒருத்தன் இருந்ததால நாடே கொதிச்சுப்போய், 16-லிருந்து 18 வயசுக்குள்ள மிகக் கொடூரமான குற்றம் பண்ணினா, விசாரிச்சுப் பார்த்துட்டு, பெரியவங்க மாதிரி வழக்கு நடத்தலாம்னு சேர்த்தாங்க. அதுல எனக்கு மனசு ரெண்டா இருக்கு. பொண்ணைப் பெத்தவளா நினைச்சா சரின்னு படுது. பையனையும் வச்சிருக்கிறவளா நினைச்சா, 16 வயசுல அவனுக்கு என்ன தெரியும்னு படுது.

தப்பு பண்ணின பிள்ளைக்கு இளைஞர் நீதிக் குழுமம், பாதுகாப்பு தேவைப்படுற பிள்ளைக்குக் குழந்தைகள் நலக் குழு. இந்த ரெண்டும் வேற வேற. நம்ம ஆட்கள் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. வீட்டை விட்டு ஓடி வந்த பிள்ளை, அடி வாங்குற பிள்ளை, செங்கல் சூளையில வேலைக்கு நிக்கிற பிள்ளை, கல்யாணம் பண்ணி வைக்கப் போற பிள்ளை எல்லாம் நலக் குழு முன்னாடி போகணும். போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார வைக்கிற பிள்ளை இல்லை. போன் நம்பர் 1098, ராத்திரி பகல் எந்த நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது. குழந்தைக் கல்யாணம்னா மாவட்ட சமூக நல அலுவலருக்கும் சொல்லலாம்.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது எவ்வளவு தேவைன்னு நான் விளக்க வேண்டியதில்லை. ஒடிசாவுல இருந்து குடும்பத்தோட வந்து சூளையில தங்குறவங்க பிள்ளைங்களை ஊத்துக்கோட்டை பக்கமும் பெரியபாளையம் பக்கமும் பார்க்கிறோம். இருளர் வீட்டுப் பிள்ளைங்க பாதியில பள்ளிக்கூடத்தை விடுறதையும் பார்க்கிறோம். கும்மிடிப்பூண்டிக்கு ஆள் ஏத்திப் போற கம்பெனி வேன்ல, ஆதார்ல வயசு ஒண்ணு, முகத்துல வயசு ஒண்ணுன்னு சில பிள்ளைங்க உட்கார்ந்து போகுது.

கல்யாண விஷயமும் அப்படித்தான். எங்க பக்கத்து ஊர் ஒண்ணுல பத்தாவது எழுதின பொண்ணுக்கு, ரிசல்ட் வர்றதுக்குள்ள ஆந்திராவுல மாப்பிள்ளை பார்த்து முடிச்சாங்க. அந்தம்மா குழு உறுப்பினர். பத்திரிகை அடிக்கலை, மாலை மட்டும் மாத்தப் போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். குழுவுல ஒரு வாரம் அதே பேச்சு. போன் பண்ணினா நம்ம பேரு வெளியே வருமோ, அவங்க கடனைக் கட்டாம நிறுத்திடுவாங்களோ, பெரிய சண்டையாயிடுமோன்னு பயம். யாரோ ஒருத்தர் 1098-க்கு அடிச்சாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலை, சொல்லவும் வேண்டாம். அதிகாரிங்க வந்து நிறுத்தினாங்க, பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கினாங்க. பொண்ணு இப்போ பன்னிரண்டாவது படிக்குது. அந்தம்மா குழுவை விட்டுப் போயிட்டாங்க. எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. அவங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கு. வீட்டுக்காரர் குடி, பொண்ணு அழகு, ராத்திரியில காவலுக்கு ஆள் இல்லை. கட்டிக் கொடுத்துட்டா பாரம் இறங்கும்னு நினைச்சாங்க. அந்தப் பயத்துக்கு நாம என்ன பண்ணினோம்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்லை. மானிய நிலப் பயத்தை எடுத்த மாதிரி, இந்தப் பயத்தை எடுக்க முத்துலட்சுமி அம்மா இருந்தா என்ன யோசிச்சிருப்பாங்கன்னு மட்டும் நினைச்சுக்கிறேன்.

இன்னொரு கஷ்டமும் இருக்கு. மறைச்சுக் கல்யாணம் முடிஞ்சு, 17 வயசுல முழுகாம ஆகிற பிள்ளைங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அவங்க போலீசுக்குச் சொல்லியே ஆகணும், 2012-ல் வந்த போக்சோ சட்டம் அப்படி. கட்டினவன் மேல வழக்கு வரும். அதுக்குப் பயந்து பரிசோதனைக்கே போகாம இருக்கிறாங்க. ரத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவுன்னு தெரியாமலே பிரசவம். சின்னத் தாய் சாகக் கூடாதுன்னு பாடுபட்ட ஒரு டாக்டரோட பேர்ல இருக்கிற உதவி, சின்னத் தாய்க்குக் கிடைக்காது. சட்டம் சரிதான். ஆனா அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது வயிறு எரியுது. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு போன் போயிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அம்மாவோட பிற்காலத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். அவங்க தங்கச்சி ஒருத்தர் புற்றுநோயில, சின்ன வயசுலயே, அம்மா கண் முன்னாடியே இறந்து போனாங்க. தானே டாக்டரா இருந்தும் காப்பாத்த முடியலை. அது மனசுல இருந்து போகவே இல்லை. புற்றுநோய்க்குன்னு தனி ஆஸ்பத்திரி வேணும்னு வருஷக்கணக்கா கேட்டாங்க. எப்படியும் சாகப் போற நோய்க்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேட்டவங்களும் உண்டு. 1952-ல் நேரு வந்து அடிக்கல் போட்டார். 1954 ஜூன்ல அடையாறுல 12 படுக்கையோட ஆஸ்பத்திரி திறந்துச்சு. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டி வளர்த்தார். ஊத்துக்கோட்டையில இருந்து எத்தனை பேர் விடியக்காலை பஸ் ஏறி அந்த அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கோம்! நம்ம குழுவுலயே இருக்காங்க. அங்கே போய் வரிசையில நின்னவங்களுக்குக் கூட, பிரசவப் பணத்துல இருக்கிற முத்துலட்சுமியும் இந்த ஆஸ்பத்திரியைக் கொண்டு வந்தவங்களும் ஒரே ஆளுன்னு தெரியாது.

சமூக நல வாரியத்துக்கு மாநிலத்துல முதல் தலைவியாவும் இருந்தாங்க. 1956-ல் பத்மபூஷண் விருது கொடுத்தாங்க. இப்போ அவங்க பிறந்த ஜூலை 30-ஐ அரசு ஆஸ்பத்திரிங்கள்ல மருத்துவமனை நாளா கொண்டாடுறாங்க.

1968 ஜூலை 22-ஆம் தேதி, 82-ஆவது பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது சென்னையில காலமானாங்க. மூணு பிள்ளைங்களோட தொடங்கின அவ்வை இல்லம் அன்னிக்கும் நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. இன்னிக்கும் அடையாறு பெசன்ட் அவென்யூவுல இருக்கு, பெண் பிள்ளைங்க தங்கிப் படிக்கிறாங்க.